அலிசோ கேன்யன்: எந்த விதியும் எடை போடாத ஒரு லட்சம் டன் மீத்தேன்

லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தின் காற்றுத் தர வாரியம் 2015 நவம்பர் 23 அன்று சோகால்காஸ் என்ற எரிவாயு நிறுவனத்துக்கு விதிமீறல் நோட்டீஸ் அனுப்பியது. அந்த நிறுவனத்தின் அலிசோ கேன்யன் நிலத்தடி எரிவாயுக் கிடங்கில் கசிவு தெரியவந்து அன்றோடு ஒரு மாதம். மணிக்குப் பல பத்து டன் மீத்தேன் மலைச்சரிவிலிருந்து கிளம்பி, கீழே இருந்த போர்ட்டர் ரேஞ்ச் குடியிருப்புகளின் மேல் படர்ந்துகொண்டிருந்தது. ஆனால் நோட்டீஸில் மீத்தேன் வரம்பு மீறப்பட்டதாக எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. இருக்கவும் வழியில்லை, ஏனென்றால் மீறுவதற்கு வரம்பே கிடையாது. வாரியத்தின் கையில் இருந்தது 'பொதுத்தொல்லை' என்ற பழைய பிரிவு. தொழிற்சாலையிலிருந்து நாற்றம் வருகிறது, கரி பறக்கிறது என்று அக்கம்பக்கத்தார் புகார் கொடுத்தால் எடுக்கும் பிரிவு அது. அமெரிக்காவில் பதிவானவற்றிலேயே மிகப் பெரிய இந்த மீத்தேன் கசிவு, சட்டத்தின் பார்வைக்கு ஒரு துர்நாற்றப் புகாராகத்தான் வந்து சேர்ந்தது.

ஒரு பழைய கிணற்றின் குழாய் உடைந்தது என்று இந்த விபத்தைச் சுருக்கிச் சொல்லிவிடலாம். குழாய் உடைந்ததற்கான காரணம் அறிவியல்படி விளக்கப்பட்டும் விட்டது. எண்ணெய், எரிவாயுத் துறையில் உமிழ்வு விதிகளை எழுதுகிறவர்களும் அவற்றின்படி நிறுவனத்தை நடத்துகிறவர்களும் படிக்க வேண்டியது வேறொன்று. அந்தக் கிணறு உடைந்த நாள் வரை, அப்போதைய விதி கேட்ட சோதனைகளுக்கு அதனிடம் பதில் இருந்தது. தவறான கேள்விகளைக் கேட்டது விதிதான்.

கிணறும் அதன் ஒற்றைச் சுவரும்

அலிசோ கேன்யன் முதலில் எண்ணெய் வயல். 1938-இல் கண்டறியப்பட்டது. எண்ணெய் தீர்ந்த பிறகு பாறையில் மிஞ்சிய நுண்துளைகளில் எரிவாயுவை அழுத்தி நிரப்பிவைத்து, தேவைப்படும்போது வெளியே எடுக்கும் கிடங்காக 1970-களின் தொடக்கத்தில் மாற்றினார்கள். கொள்ளளவு 8,600 கோடி கன அடி. தெற்குக் கலிஃபோர்னியாவின் மின் நிலையங்களும் வீட்டு அடுப்புகளும் குளிர்கால ஹீட்டர்களும் நம்பியிருக்கும் இருப்பு இது. சுமார் 115 கிணறுகள். அவற்றில் பல எண்ணெய்க்காகத் தோண்டப்பட்டு, பின்னால் எரிவாயு வேலைக்குத் திருப்பப்பட்டவை. விபத்து நடந்த எஸ்எஸ்-25 கிணறு 1953-இல் தோண்டப்பட்டு, 1973-இல் சேமிப்புக் கிணறானது.

இந்த மாற்றத்தில்தான் சிக்கலின் வேர் இருக்கிறது. கிணற்றுக்குள் ஒரு சிறிய குழாய், அதைச் சுற்றி 7 அங்குல உறைக்குழாய். எண்ணெய் எடுக்கும் கிணற்றில் உள்குழாய் வழியாக மட்டும் ஓட்டம் இருந்தால், உறைக்குழாய் இரண்டாவது காவலாக நிற்கும். எஸ்எஸ்-25 போன்ற சேமிப்புக் கிணறுகளில் அதிக எரிவாயுவை வேகமாக ஏற்றி இறக்குவதற்காக உள்குழாய், இரண்டு குழாய்களுக்கும் இடைப்பட்ட வெளி ஆகிய இரண்டிலுமே ஓட்டம் விடப்பட்டது. அப்படிச் செய்த கணத்தில், உயர் அழுத்த வாயுவைத் தாங்க ஒரே ஒரு எஃகுச் சுவர்தான் மிச்சம். அதன் மேற்பகுதிக்கு வெளியே சிமென்ட்டும் இல்லை. நிலத்தடி நீர் படும் இடத்தில் வெற்று எஃகு அறுபது ஆண்டுகளாக நின்றது.

கிணற்றுக்குள் முன்பு ஒரு பாதுகாப்பு வால்வு இருந்தது. மேலே ஏதாவது உடைந்தால் அடியிலேயே ஓட்டத்தை அடைப்பதற்கானது. அதை 1979-இல் கழற்றினார்கள், புதிது பொருத்தவில்லை. அது விதிமீறலும் அல்ல. அன்றைய கலிஃபோர்னிய விதிப்படி, வீடு 300 அடிக்குள் இருந்தால்தான் அந்தக் கிணறு அபாயகரமானது, அதற்குத்தான் வால்வு கட்டாயம். எஸ்எஸ்-25-க்கும் வீடுகளுக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு மைல் இருந்தது. காற்றில் மைல் கணக்கில் பரவும் ஒரு பொருளுக்கு 300 அடி என்று கோடு போட்டவர்கள் தீ விபத்தை நினைத்துப் போட்டிருக்கலாம். கசிவை நினைத்துப் போட்டதாகத் தெரியவில்லை.

சோதனை கேட்ட கேள்வி

மாநில எண்ணெய், எரிவாயுத் துறையின் விதிப்படி கிணறுகளில் ஆண்டுதோறும் வெப்பநிலைச் சோதனை நடக்க வேண்டும், நடந்தது. எங்காவது வாயு வெளியேறினால் அந்த ஆழத்தில் குளிர்ச்சி தெரியும் என்பது அதன் தத்துவம். சந்தேகம் வந்தால் ஒலிச் சோதனை. இரண்டுமே இப்போது கசிகிறதா என்று பார்ப்பவை. எஃகு இன்னும் எவ்வளவு தடிமன் மிஞ்சியிருக்கிறது என்று அளப்பவை அல்ல. துருவேறிய தண்ணீர்த் தொட்டியின் அடியில் ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு, தகடு எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று பார்க்காமல் விடுவதற்கும் இதற்கும் வேறுபாடில்லை. சோதனை நடக்கும் நாள் வரை தொட்டி நல்ல தொட்டிதான்.

விபத்துக்குப் பிறகு மாநில அமைப்புகள் கேட்டுக்கொண்டதன் பேரில் மூல காரணத்தை ஆராய்ந்த பிளேட் எனர்ஜி பார்ட்னர்ஸ் என்ற நிறுவனம் 2019 மே மாதம் அறிக்கை வெளியிட்டது. கிணற்றிலிருந்து குழாயைத் துண்டு துண்டாக வெளியே எடுத்து, ஆய்வுக்கூடத்தில் வைத்துப் பார்த்து எழுதிய அறிக்கை அது. நிலத்திலிருந்து 892 அடி ஆழத்தில் உறைக்குழாய் நீளவாக்கில் கிழிந்திருந்தது. நிலத்தடி நீரில் வாழும் நுண்ணுயிர்கள் வெளிப்புறத்திலிருந்து எஃகை அரித்து, அந்த இடத்தில் தடிமனில் 85 சதவீதத்தைத் தின்றிருந்தன. கிழிசல் வழியே பீறிட்ட வாயு விரிந்து குளிர்ந்தது. அந்தக் குளிரில் எஃகு முறுகி, குழாய் குறுக்காகவும் அறுந்தது.

அறிக்கையில் என்னை மிகவும் உறுத்தியது உலோகவியல் அல்ல, கோப்புகளைப் பற்றிய பகுதி. 1970-களிலிருந்தே அந்த வயலில் 60-க்கு மேற்பட்ட உறைக்குழாய்க் கசிவுகள் ஏற்பட்டிருந்தன. கசிவைச் சரிசெய்தார்கள், ஏன் கசிந்தது என்று ஒருமுறைகூட முறையாக ஆராயவில்லை. 1988-இல் 20 கிணறுகளின் உறைக்குழாய்த் தடிமனை அளக்க நிறுவனமே பட்டியல் போட்டது. எஸ்எஸ்-25 அதில் இருந்தது. ஏழு கிணறுகளில் அளந்தார்கள். ஐந்தில் வெளிப்புற அரிப்பு தெரிந்தது. மற்ற பதின்மூன்று கிணறுகளை விட்டுவிட்டார்கள்.

அந்த ஐந்து கிணறுகளின் அளவீடு வந்தபிறகும் வேலை ஏன் நின்றது? யாருடைய உள்நோக்கத்தையும் நான் ஊகிக்க விரும்பவில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்கலாம். அந்த அளவீட்டைக் கேட்டு எந்த அதிகாரியும் கடிதம் எழுதியிருக்க மாட்டார், ஏனென்றால் விதியில் அது இல்லை. கிணறுகள் முதுமையடைகின்றன, அரிப்பு கூடுகிறது என்று சொல்லி, ஒரு பரிசோதனைத் திட்டத்துக்குக் கட்டணத்தில் பணம் ஒதுக்கும்படி 2014-இல் நிறுவனம், எரிவாயு, மின் கட்டணங்களை முடிவுசெய்யும் மாநிலப் பொதுப் பயன்பாட்டு ஆணையத்திடம் விண்ணப்பித்தது. அபாயம் தெரிந்திருந்தது. அதைக் கட்டாயக் கடமையாக்கும் வரி மட்டும் எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை.

மத்திய அரசின் பக்கம் பார்த்தால் நிலைமை இன்னும் வெறுமை. அமெரிக்காவில் நிலத்தடி எரிவாயுக் கிடங்குகள் சுமார் 400. குழாய்வழிப் பாதுகாப்பு நிர்வாகத்திடம் தரைக்கு மேலே உள்ள குழாய்களுக்குத் தடித்த விதிப்புத்தகம் இருந்தது. தரைக்குக் கீழே போகும் கிணற்றுக்கு ஒன்றும் இல்லை. காற்று மாசுச் சட்டத்திலோ, ஓசோன் புகைமூட்டத்தை உண்டாக்கும் ஆவியாகும் கரிமச் சேர்மங்களின் வரையறையிலிருந்து மீத்தேன் பெயர் சொல்லி நீக்கப்பட்டிருந்தது. அது புகைமூட்டத்தில் மிக மந்தமாகவே வினைபுரியும் என்பதால் அந்த நீக்கத்துக்கு நியாயமும் உண்டு. கலிஃபோர்னியாவின் கார்பன் வணிகத் திட்டத்தில் (உமிழும் அளவுக்கு நிறுவனங்கள் உரிமம் வாங்கும் ஏற்பாடு) எரிவாயு அமைப்புகளின் கசிவைக் கணக்குக் காட்ட வேண்டும், அதற்கு உரிமம் வாங்கத் தேவையில்லை. ஆக, நிலத்தடித் துறை நிலத்தடியைப் பார்த்தது, காற்று வாரியம் புகைமூட்டத்தைப் பார்த்தது, காலநிலைச் சட்டம் புகைபோக்கிகளைப் பார்த்தது. இந்த மூன்று பார்வைகளுக்கும் நடுவே இருந்த இடைவெளியில்தான் எஸ்எஸ்-25 நின்றது.

112 நாட்கள்

கசிவு அக்டோபர் 23-இல் தெரிந்தது. சட்டப்படி உடனே தகவல் சொல்லியிருக்க வேண்டிய அதிகாரிகளுக்கு 26-ஆம் தேதிதான் சொல்லப்பட்டது. பின்னால் நிறுவனம் எதிர்கொண்ட குற்ற வழக்கு இந்த மூன்று நாள் தாமதத்தையே மையமாகக் கொண்டது.

கிணற்றை மேலிருந்து சேறும் உப்புநீரும் செலுத்தி அடக்க ஏழு முயற்சிகள் நடந்தன. எல்லாம் தோற்றன. ஒவ்வொரு முயற்சியிலும் செலுத்திய திரவம் வாயுவோடு திரும்பிப் பீறிட்டு, கிணற்றைச் சுற்றிப் பள்ளம் பறித்தது. ஓட்டத்தின் வேகத்தைக் கணக்கிட்டு, போதிய அடர்த்தியுள்ள திரவத்தைப் போதிய வேகத்தில் செலுத்தியிருந்தால் நவம்பர் நடுவிலேயே கிணறு அடங்கியிருக்கும் என்று பிளேட் அறிக்கை சொல்கிறது. ஏறக்குறைய மூன்று மாதக் கசிவு அந்த ஒரு கணக்கில் அடங்கியிருந்தது. டிசம்பர் தொடக்கத்தில் பக்கத்திலிருந்து ஒரு மாற்றுக் கிணறு தோண்டத் தொடங்கி, அதன் வழியாக 2016 பிப்ரவரி 11 அன்று ஓட்டத்தை நிறுத்தினார்கள். 18-ஆம் தேதி நிரந்தரமாக மூடப்பட்டதாக மாநிலம் உறுதிசெய்தது.

அதற்குள் போர்ட்டர் ரேஞ்ச் பாதி காலியாகிவிட்டது. மீத்தேனுக்கு மணம் கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்று கலக்கும் கந்தகச் சேர்மத்தின் நாற்றம்தான் ஊரை அடித்தது. தலைவலி, குமட்டல், மூக்கில் ரத்தம் என்று மக்கள் மருத்துவரிடம் போனார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஓட்டல்களுக்கும் வாடகை வீடுகளுக்கும் மாறின. இரண்டு பள்ளிகள் இடம் மாற்றப்பட்டன. ஆளுநர் ஜெர்ரி பிரவுன் அவசரநிலை அறிவித்தது ஜனவரி 6-ஆம் தேதி, கசிவு தெரிந்து 75 நாட்கள் கழித்து.

அளந்தவர் யார்?

உமிழ்வு விதிகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த நிகழ்வில் கூடுதல் நேரம் நிற்க வேண்டிய இடம் இதுவே. எவ்வளவு கசிகிறது என்ற எண் நிறுவனத்திடமிருந்தும் வரவில்லை, கிடங்கின் வேலியில் பொருத்திய கருவியிலிருந்தும் வரவில்லை. அப்படிப்பட்ட கருவி இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. எண் ஒரு சிறிய விமானத்திலிருந்து வந்தது. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த விஞ்ஞானியும் விமானியுமான ஸ்டீபன் கான்லி, எரிவாயுக் குழாய்க் கசிவுகளைத் தேடும் வேறொரு மாநிலத் திட்டத்துக்காக விமானத்தில் அளவீட்டுக் கருவிகளை வைத்திருந்தார். நவம்பர் 7 அன்று அவர் கசிவின் காற்றோட்டத்துக்குள் குறுக்கும் நெடுக்குமாகப் பறந்தார். உச்ச அளவு மணிக்கு சுமார் 60 டன் என்று தெரிந்தது. லாஸ் ஏஞ்சலஸ் வடிநிலம் முழுவதும் வெளியிடும் மீத்தேனை அந்த ஒற்றைக் கிணறு இரட்டிப்பாக்கியிருந்தது.

அந்தக் குழு பின்னர் வெளியிட்ட மொத்தக் கணக்கு 97,100 டன். மாநில அரசின் காற்று வள வாரியம் (நோட்டீஸ் அனுப்பிய வட்டார வாரியம் வேறு) தன் தரவுகளையும் சேர்த்து, பிழை வரம்போடு சுமார் 99,650 டன் என்று முடிவுசெய்தது. மீத்தேன் 20 ஆண்டு அளவில் கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். அப்படிப் பார்த்தால் இது 80 லட்சம் டன் கரியமில வாயுவுக்குச் சமம். 2016 ஜனவரியில் நாசாவின் இஓ-1 செயற்கைக்கோள் அந்தக் கசிவைச் சுற்றுப்பாதையிலிருந்து படமெடுத்தது. ஒரு தனி இடத்தின் மீத்தேன் கசிவு விண்ணிலிருந்து அடையாளம் காணப்பட்டது அதுவே முதல் முறை.

கான்லியின் விமானம் தற்செயலாக அந்த நேரத்தில் தயாராக இல்லாமல் போயிருந்தால், ஈடுகட்ட வேண்டிய அளவு பற்றிய பேச்சு முழுவதும் நிறுவனத்தின் இருப்புக் கணக்கையே நம்பியிருந்திருக்கும். அந்தக் கணக்கு காற்று வள வாரியத்தின் எண்ணைவிடக் குறைவாகவே வந்தது. வெளியிடுகிறவரே எண்ணைச் சொல்லி, அந்த எண்ணின் மேல் சட்டம் நிற்கும் முறையை நான் ஏற்க மாட்டேன் என்பதற்கு இந்த ஒரு வழக்கே எனக்குப் போதும்.

பில்

2016 செப்டம்பரில், உடனே தகவல் தராத குற்றத்துக்கு நிறுவனம் வழக்கை எதிர்க்காமல் முடித்துக்கொண்டது. மாவட்ட அரசு வழக்கறிஞருடன் ஏற்பட்ட ஒப்பந்தத்தின் மதிப்பு 40 லட்சம் டாலர். அதில் கணிசமான பகுதி கிடங்கில் கசிவைக் கண்டறியும் கருவிகள் பொருத்துவதற்கானது. 2017-இல் காற்றுத் தர வாரியத்துக்கு 85 லட்சம் டாலர். 2018 ஆகஸ்டில் மாநில, உள்ளூர் அரசுகளுடன் 11.95 கோடி டாலர். 2021 செப்டம்பரில், 35,000-க்கு மேற்பட்ட மனுதாரர்களுடன் 180 கோடி டாலர் வரையிலான சமரசத்துக்கு சோகால்காஸும் அதன் தாய் நிறுவனமான செம்ப்ராவும் ஒப்புக்கொண்டன.

வரிசையைப் பாருங்கள். ஒழுங்குமுறை அமைப்புகள் பெற்ற தொகை சிறியது, அண்டைவீட்டார் நீதிமன்றத்தில் பெற்றது பெரியது. உமிழ்வு விதி பலவீனமாக இருந்தால் செலவு மிச்சம் என்று நினைக்கும் நிறுவன நிர்வாகிகள் இந்த வரிசையைத் தங்கள் இயக்குநர் குழுவின் முன் வைக்கலாம். எல்லாக் கிணறுகளிலும் தடிமன் அளந்திருந்தால் ஆகியிருக்கும் செலவு இந்தத் தொகைகளின் பக்கத்தில்கூட வராது.

2018 ஒப்பந்தத்தின் இன்னொரு கூறு விவாதத்துக்குரியது. வெளியேறிய மீத்தேனை முழுவதுமாக ஈடுகட்ட, பிழை வரம்பின் மேல்முனையான 1,09,000 டன் அளவுக்கு வேறிடத்தில் மீத்தேனைக் குறைக்க வேண்டும் என்று மாநிலம் கேட்டது. அதற்காக 2.65 கோடி டாலர் சான் வாக்கீன் பள்ளத்தாக்கின் மாட்டுப்பண்ணைகளுக்குப் போனது, சாணக் குளங்களை மூடி வாயுவைப் பிடிக்கும் திட்டங்களுக்கு. வளிமண்டலக் கணக்குக்கு இது சரி, மீத்தேன் எங்கே குறைந்தாலும் குறைந்ததுதான். ஆனால் வீட்டைவிட்டுப் போன போர்ட்டர் ரேஞ்ச்வாசிக்கு இதில் எதுவும் இல்லை. பிடித்த வாயு மறுபடியும் எரிவாயுச் சந்தைக்குள்தான் வருகிறது என்று எதிர்த்தவர்களின் வாதத்தையும் தள்ளிவிட முடியாது. முழு அளவையும் ஈடுகட்டு என்ற கோட்பாடு நல்லது, அதைச் செலவழித்த இடம் தவறு என்பது என் கருத்து.

பிறகு வந்த விதிகள்

கலிஃபோர்னியா வேகமாக நகர்ந்தது. எண்ணெய், எரிவாயு மீத்தேன் விதியின் வரைவு கசிவுக்கு முன்பே காற்று வள வாரியத்தில் தயாராகிக்கொண்டிருந்தது. 2017 மார்ச்சில் நிறைவேறிய அந்த விதி, மூன்று மாதத்துக்கொரு முறை கசிவுச் சோதனையைக் கட்டாயமாக்கியது. 2020 முதல் பத்து லட்சத்தில் 1,000 பங்குக்கு மேல் மீத்தேன் செறிவு தெரிந்தாலே அது கசிவு. சிறிய கசிவுக்கு 14 நாள், பெரியதற்கு 5 நாள், 50,000 பங்கைத் தாண்டினால் 2 நாளில் சரிசெய்ய வேண்டும். சேமிப்புக் கிடங்குகளில் சுற்றுப்புறக் காற்றைத் தொடர்ந்து அளக்கும் கருவியும், கிணற்றுத் தலைகளில் தினசரி அல்லது தொடர் சோதனையும் தேவை.

அதைவிட ஆழமான மாற்றம் 2018 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த கிணற்று விதி. இனி ஒரே சுவரை நம்பிய கிணறு கூடாது. ஓட்டம் உள்குழாயில் மட்டும், உறைக்குழாய் காவலாக நிற்க வேண்டும். வெப்பநிலை, ஒலிச் சோதனை ஆண்டுதோறும். உறைக்குழாய்த் தடிமனை 24 மாதத்துக்கொரு முறை அளக்க வேண்டும். 1988-இல் பாதியில் விட்ட வேலை முப்பது ஆண்டுகள் கழித்துச் சட்டமானது.

மத்திய அரசும் 2016 டிசம்பரில் முதல்முறையாக நிலத்தடிக் கிடங்குகளுக்கு இடைக்கால விதி போட்டது, 2020-இல் அது இறுதியானது. எண்ணெய்த் துறையே எழுதிவைத்திருந்த பரிந்துரைகளை எடுத்துச் சட்டமாக்கிய விதி அது. இடைக்கால விதிக்கு இரண்டு மாதம் முன்பு வெளியான அரசுக் குழுவின் அறிக்கை 44 பரிந்துரைகளைத் தந்தது. ஒற்றைச் சுவர்க் கிணறுகளைப் படிப்படியாக ஒழிக்க வேண்டும் என்பது அவற்றில் முக்கியமானது.

காற்றின் பக்கம்தான் மத்திய அரசு நிலையாக நிற்கவில்லை. 2016-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை புதிய நிலையங்களுக்கு மீத்தேன் விதி கொண்டுவந்தது. 2020-இல் அதே முகமை குழாய்வழி, சேமிப்புப் பிரிவு முழுவதையும் அந்த விதியிலிருந்து வெளியே எடுத்தது, அலிசோ கேன்யன் நடந்து ஐந்து ஆண்டுகூட முடியாத நிலையில். 2021-இல் நாடாளுமன்றம் அந்த நீக்கத்தை ரத்துசெய்தது. 2023 டிசம்பரில் வந்த விரிவான விதி, மணிக்கு 100 கிலோவுக்கு மேல் மீத்தேன் விடும் இடத்தை முகமை அங்கீகரித்த வெளியார் செயற்கைக்கோள் மூலமோ விமானம் மூலமோ கண்டு அறிவித்தால், நிறுவனம் ஐந்து நாளில் விசாரணை தொடங்க வேண்டும் என்றது. கான்லி தற்செயலாகச் செய்ததை முறையாக்கும் ஏற்பாடு அது. எஸ்எஸ்-25 உச்சத்தில் அந்த வரம்பைப் போல 600 மடங்கு விட்டது.

2022-ஆம் ஆண்டுச் சட்டத்தில் மீத்தேன் வீணடிப்புக்குக் கட்டணமும் வந்தது: 2024 உமிழ்வுக்கு டன்னுக்கு 900 டாலர், பின்பு 1,200, அதன்பின் 1,500. விலக்கு அளவைக் கழிக்காமல் 900 டாலர் விலையில் பார்த்தால் அலிசோ கேன்யனுக்கு சுமார் 9 கோடி டாலர் பில் போயிருக்கும், வழக்கு எதுவும் இல்லாமலே. அந்தக் கட்டணத்துக்கான நடைமுறை விதியை நாடாளுமன்றம் 2025 தொடக்கத்தில் ரத்துசெய்தது. அதே ஆண்டு ஜூலையில் வந்த சட்டம் கட்டணத்தையே 2034 வரை தள்ளிவைத்தது.

கிடங்கு மூடப்படவில்லை. ஒவ்வொரு கிணறும் சோதனையில் தேற வேண்டும் அல்லது அடைத்துத் தனிமைப்படுத்தப்பட வேண்டும் என்ற நிபந்தனையோடு 2017 ஜூலை இறுதியில் மறுபடியும் எரிவாயு ஏற்றத் தொடங்கினார்கள். 2023 ஆகஸ்டில், முந்தைய குளிர்காலத்தின் விலையேற்றத்தைக் கண்ட பொதுப் பயன்பாட்டு ஆணையம் சேமிப்பு வரம்பை 6,860 கோடி கன அடியாக உயர்த்தியது. 2024 டிசம்பரில் அதே ஆணையம், உச்ச நாள் எரிவாயுத் தேவை ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கும்போது மூடுவதைப் பரிசீலிக்கலாம் என்று வழி வகுத்தது, தேதி எதுவும் குறிக்கவில்லை. போர்ட்டர் ரேஞ்ச் மக்கள் ஆணையத்தின் கூட்டங்களில் கேட்டுக்கொண்டிருப்பது அந்தத் தேதியைத்தான்.